ஓவன் மக்கர் பண்ணுகிறதா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதைப் பாருங்கள்

முதலில் ஒரு எச்சரிக்கை. மைக்ரோவேவ் ஓவனின் வெளிக்கூட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை வீட்டில் யாரும் கழற்றக் கூடாது. மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன் என்று எல்லாவற்றையும் பிரித்து மாட்டுகிற ஆள் வீட்டில் இருந்தாலும் சரி, இதை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் கண்டன்சரில் 2000 வோல்ட் அளவுக்கு மின்சாரம் ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது இறங்காமல் இருக்கலாம். தொட்டால் ஆளையே முடித்துவிடும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த ஸ்க்ரூக்களைத் தொடாமல் செய்யக்கூடியவை. அதுவே நிறைய வேலைக்குப் போதும். ஏனென்றால் நான் போகிற பல வீடுகளில் கோளாறு ஓவனுக்குள் இருப்பதே இல்லை. பிளக்கில் இருக்கும், வோல்டேஜில் இருக்கும், இல்லாவிட்டால் மேலே போர்த்திய துணியில் இருக்கும்.

எதை அழுத்தினாலும் அசையவில்லை

டிஸ்ப்ளேயில் வெளிச்சம் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் பிளக் பாயிண்ட்டைச் சந்தேகப்படுங்கள். பலர் அதில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பார்த்துவிட்டு "கரண்ட் வருதே" என்பார்கள். சார்ஜர் இழுக்கிற கரண்ட் ரொம்பக் குறைவு. தளர்ந்துபோன பாயிண்ட்டிலும் அது வேலை செய்யும். அயர்ன் பாக்ஸை மாட்டிச் சரியாகச் சூடேறுகிறதா என்று பாருங்கள், அப்போது தெரிந்துவிடும்.

பிளக்கின் பித்தளைக் கால்கள் கறுத்திருக்கிறதா, சாக்கெட்டின் ஓரம் பழுப்பேறி உருகியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். சின்ன சோலோ ஓவனே 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும். கன்வெக்ஷன் ஓவன் சில 2000 வாட்டையும் தாண்டும். தடித்த கால்கள் உள்ள 16 ஆம்பியர் பிளக்கை இதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். அதை ஒரு கன்வெர்ட்டரில் செருகி டிவி பாயிண்ட்டில் மாட்டினால், அல்லது எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் செருகினால், என்றைக்காவது ஒருநாள் பிளாஸ்டிக் கருகும் வாடை வரத்தான் செய்யும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஓவனுக்கென்று தனி 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டுவிடுங்கள்.

டிஸ்ப்ளே எரிகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கதை வேறு. எனக்கு வரும் போன்களில் அடிக்கடி இப்படி ஒன்று இருக்கும்:

"தம்பி, ஓவன் செத்துப்போச்சு. நேத்து நைட்டுகூட நல்லா ஓடுச்சு."

"ஸ்கிரீன்ல சாவி மாதிரி, இல்ல பூட்டு மாதிரி ஏதாச்சும் தெரியுதாக்கா?"

"சின்னதா சாவி ஒண்ணு இருக்கு."

"ஸ்டாப் பட்டனை மூணு செகண்ட் விடாம அமுக்குங்க."

குழந்தைகள் தொடாமல் இருக்க வைத்த பூட்டு அது. அதைப் போட்டுவிட்டதும் பெரும்பாலும் குழந்தைகள்தான். பல மாடல்களில் ஸ்டாப் பட்டனை அழுத்திப் பிடித்தால் விட்டுவிடும். சிலவற்றில் வேறு பட்டன். கூட வந்த புத்தகத்தில் போட்டிருக்கும்.

பூட்டு இல்லையென்றால் கதவைப் பாருங்கள். கதவின் கொக்கி போய் உட்காரும் பொந்தில் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து கிடந்தாலே போதும், கதவு முழுதாக மூடியதாக ஓவன் எடுத்துக்கொள்ளாது. பிளக்கைக் கழற்றிவிட்டு, ஈரத்துணியைப் பிழிந்து அந்த இடத்தைத் துடையுங்கள். கொக்கியே உடைந்திருந்தால் மெக்கானிக் வேலை.

பாயிண்ட் நன்றாக இருந்தும் டிஸ்ப்ளே இருட்டாகவே கிடந்தால் உள்ளே பியூஸ் போயிருக்கலாம். இதில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏமாறாமல் இருக்கலாம். கதவுக்குப் பின்னால் பெரும்பாலான ஓவன்களில் மூன்று சின்ன சுவிட்சுகள் இருக்கும். கதவு மூடியிருந்தால்தான் முதல் இரண்டும் கரண்ட்டை விடும். மூன்றாவது, அந்த இரண்டுக்கும் காவல். அவை ஒட்டிக்கொண்டு, கதவு திறந்திருக்கும்போதும் கரண்ட் பாய்ந்தால், இது வேண்டுமென்றே ஷார்ட் செய்து பியூஸைப் போகவைத்துவிடும். ஆகவே கதவு சுவிட்சில் பழுது இருக்கும்போது பியூஸை மட்டும் மாற்றினால் மறுபடியும் போகும். மாற்றவந்தவர் சுவிட்சுகளை மீட்டர் வைத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். பியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றிவிட்டுப் போகிறவரை அடுத்த முறை வீட்டுப் படியேற விடாதீர்கள்.

எல்லாம் ஓடுகிறது, சூடு மட்டும் ஏறவில்லை

லைட் எரிகிறது, தட்டு சுற்றுகிறது, குழம்பு மட்டும் பிரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரியே இருக்கிறது. பீங்கான் கப்பில் ஒரு டம்ளர் தண்ணீர், சுமார் 200 மில்லி, ஊற்றுங்கள். ஒரு மரக்கரண்டியையும் அதில் போட்டு ஃபுல் பவரில் 2 நிமிடம் வையுங்கள். நல்ல ஓவனில் தண்ணீர் கொதித்துவிடும், இல்லாவிட்டால் கொதிக்கிற தறுவாயில் இருக்கும். மரக்கரண்டி எதற்கு என்றால், வழுவழுப்பான கப்பில் தண்ணீர் குமிழியே விடாமல் 100 டிகிரியைத் தாண்டிப் போய்விடும். அதில் காப்பிப் பொடியைப் போட்டதும் பொங்கிக் கையில் அடிக்கும். கரண்டி கிடந்தால் அது நேராது.

தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்றால் பவர் எத்தனையில் இருக்கிறது என்று பாருங்கள். டீஃப்ராஸ்ட்டில் வைத்தால் ஓவன் விட்டுவிட்டுத்தான் சூடாக்கும். உறுமல் சத்தம் கொஞ்ச நேரம் வந்து, நின்று, மறுபடி வருவதைக் கேட்கலாம். கன்வெக்ஷனில் வைத்துவிட்டு இரண்டு நிமிடத்தில் குழம்பு சுடவில்லை என்று சொல்பவர்களும் உண்டு. அது காற்றைச் சூடாக்குகிற முறை, அதற்கு நேரம் வேண்டும்.

அடுத்தது வோல்டேஜ். மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்து ஊர்களில் மும்முனை மின்சாரம் வந்து வயல் மோட்டார்கள் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்கினால் வீட்டு வோல்டேஜ் இறங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். 230-ல் இருக்க வேண்டியது 180-க்கு வந்தால் பழைய டிரான்ஸ்பார்மர் வகை ஓவனில் சூடு நன்றாகவே குறையும். சில ஓவன்கள் நின்றேவிடும். பிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் எண் தெரிந்தால் அதைப் பாருங்கள். காலையில் நன்றாகச் சுடுகிறது, சாயங்காலம் சுடவில்லை என்றால் ஓவன் மேல் தப்பில்லை. ஆனால் அந்த பிரிட்ஜ் ஸ்டெபிலைசரிலேயே ஓவனையும் மாட்டாதீர்கள், அது தாங்காது. ஓவன் இழுக்கிற வாட்டுக்குத் தகுந்த பெரிய ஸ்டெபிலைசர் வேண்டும். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்று கேட்காதீர்கள். ஃபேனுக்கும் லைட்டுக்கும் வாங்கியது அது.

வோல்டேஜ் சரி, பவர் சரி, தண்ணீர் மட்டும் அப்படியே இருக்கிறது, கூடவே வழக்கத்தைவிடப் பெரிதாக ஓர் உறுமல் வருகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். டயோடு, கண்டன்சர், சூடாக்கும் அலையை உண்டாக்குகிற மேக்னட்ரான், இந்த மூன்றில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். தொடர்ந்து ஓட்டினால் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து போகும். மூன்றில் டயோடு மலிவு. மேக்னட்ரான்தான் செலவு வைப்பது.

உள்ளே பொறி பறக்கிறது

பயந்து கதவைத் திறந்து மூடாமல், முதலில் ஸ்டாப்பை அழுத்துங்கள். அப்புறம் உள்ளே என்ன வைத்தீர்கள் என்று பாருங்கள். எவர்சில்வர் கிண்ணம் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது சில்லறைச் சாமான்கள்தான். தங்கக் கோடு போட்ட பீங்கான் தட்டு, பிரியாணி வரும் அலுமினியப் பெட்டி, பார்சல் பேப்பரில் குத்திய ஸ்டேப்ளர் பின், பாத்திரம் தேய்த்த கம்பி நாரிலிருந்து உதிர்ந்து சுவரில் ஒட்டிய ஒரு துணுக்கு. கம்பி நாரை ஓவனுக்குள் விடவே கூடாது என்பதற்கு அது ஒரு காரணம். பெயிண்ட்டைச் சுரண்டிவிடும் என்பது இன்னொன்று.

இதெல்லாம் இல்லாமலே பொறி வந்தால் உள்ளே வலதுபக்கச் சுவரைப் பாருங்கள். அட்டை மாதிரி வெளிர் பழுப்பு நிறத்தில் ஒரு தகடு இருக்கும். (சில மாடல்களில் மேலே இருக்கும்.) அதுதான் மைக்கா. மேக்னட்ரானிலிருந்து அலை உள்ளே வரும் வாசலை அது மூடியிருக்கிறது. எண்ணெய் தெறித்து அதில் படியும், படிந்தது ஒவ்வொரு முறையும் சூடேறிக் கருகும், கருகிய இடம் கரியாகி மின்சாரத்தைக் கடத்தும், அங்கிருந்து பொறி கிளம்பும்.

மதுரை வீடுகளில் மைக்கா சீக்கிரம் போவதற்கு நம் சாப்பாடும் ஒரு காரணம். மிஞ்சிய சால்னா, சுக்கா, குடல் குழம்பு எல்லாமே மேலே எண்ணெய் மிதக்கிற வகை. பிரிட்ஜில் இறுகிய அந்தக் கொழுப்பு ஓவனில் இளகும்போது பட்பட்டென்று வெடித்து நாலு பக்கமும் அடிக்கும். மூடி போட்டுச் சூடாக்கினால் மைக்கா பல மடங்கு உழைக்கும். ஓட்டை உள்ள பிளாஸ்டிக் மூடி விற்கிறார்கள். அது இல்லாவிட்டால் பீங்கான் தட்டைக் கவிழ்த்து வைத்தாலும் போதும். இன்னொன்று, பரோட்டாக் கடையில் கட்டிக்கொடுத்த சால்னாவைப் பையோடு அப்படியே உள்ளே வைக்காதீர்கள். எண்ணெய் தண்ணீரைவிட அதிகச் சூட்டுக்குப் போகும், பை உருகிக் குழம்போடு கலந்துவிடும்.

மைக்காவை நீங்களே மாற்றலாம். வெளிக்கூட்டைத் திறக்கத் தேவையில்லை. பிளக்கைக் கழற்றுங்கள். உள்சுவரில் ஒரு சின்ன ஸ்க்ரூவோ பிளாஸ்டிக் பிடிப்போதான் அதைப் பிடித்திருக்கும். எடுத்த பழைய தகட்டோடு டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஸ்பேர் கடைகளில் விசாரியுங்கள். உங்கள் மாடலுக்கே வெட்டியது இல்லாவிட்டால் பெரிய ஷீட்டாக வாங்கி, பழையதை மேலே வைத்துப் பென்சிலால் வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளலாம். நொறுங்கும் பொருள், நிதானமாக வெட்டுங்கள். ஓட்டைகள் அதே இடத்தில் வர வேண்டும். மாட்டும் முன் பின்னால் இருக்கும் வாசலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிசுக்கைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் மாட்டினால் புது மைக்காவும் கருகிவிடும். புதுசு வரும்வரை மைக்கா இல்லாமல் ஓட்டுவதும், அட்டைப்பெட்டியை வெட்டி வைப்பதும் வேண்டாம்.

உள்சுவர் பெயிண்ட் உரிந்து துரு தெரிந்தாலும் அந்த இடத்தில் பொறி வரும். லேசாக இருந்தால் ஓவனுக்கென்றே விற்கும் பெயிண்ட்டை மெக்கானிக் அடித்துக் கொடுப்பார். துருப்பிடித்துத் தகடு ஓட்டை விழுந்திருந்தால் அந்த ஓவன் வேண்டாம்.

பாதியில் நின்றுவிடுகிறது, அரைமணி கழித்துத் தானாக ஓடுகிறது

இது கத்திரி வெயிலில் அதிகம் வரும் புகார். மேக்னட்ரான் அளவுக்கு மீறிச் சூடானால் ஒரு தெர்மல் சுவிட்சு கரண்ட்டைத் துண்டிக்கும், ஆறியதும் மறுபடி சேர்க்கும். ஏன் சூடாகிறது என்று பார்க்க ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை, ஓவனைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும். நம் ஊரில் டிவிக்கு உறை, பிரிட்ஜுக்கு உறை, மிக்ஸிக்கு உறை. ஓவனுக்கும் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துத் தைத்துப் போட்டிருப்பார்கள். ஓட்டும்போதுகூட முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டுக் கொள்வார்கள். மேலே மாத்திரை டப்பா, கரண்ட் பில் அட்டை, ஒரு கட்டு பழைய செய்தித்தாள். காற்று போகிற துளைகள் எல்லாம் அதற்கு அடியில் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்.

ஓட்டும்போது துணியை முழுதாக எடுத்துவிடுங்கள். பின்னாலும் பக்கங்களிலும் ஒரு சாண் இல்லாவிட்டாலும் 10 செ.மீ. விடுங்கள், மேலே 20 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். உங்கள் மாடலின் புத்தகத்தில் இதைவிடக் கூடுதலாகச் சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள். கேஸ் அடுப்புக்கு ஒட்டினாற்போல் வைத்திருந்தால் இடத்தை மாற்றுங்கள். இவ்வளவு செய்தும் நின்றால் உள்ளே ஃபேன் ஓடாமல் இருக்கலாம்.

தட்டு சுற்றவில்லை, அல்லது டக் டக் என்கிறது

ஒரு முறை இடமாகவும் மறுமுறை வலமாகவும் சுற்றினால் அது கோளாறு அல்ல, அந்த மோட்டாரின் குணமே அப்படித்தான். சுற்றாமல் நின்றால் கண்ணாடித் தட்டைத் தூக்கி, அடியிலுள்ள ரிங்கின் சக்கரங்களைக் கழுவுங்கள். சர்க்கரைப் பாகு சிந்திக் காய்ந்தால் அவை உருளாது. நடுவில் தட்டைப் பிடிக்கிற பிளாஸ்டிக் கப்ளிங் விரிந்திருந்தால் டக் டக் என்று வழுக்கும். கப்ளிங் கடையில் கிடைக்கும், கையாலேயே மாற்றலாம். மோட்டார் போயிருந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள். அதிலும் 21, 30, 230 வோல்ட் என்று வகைகள் உண்டு. பழையதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சூடான கண்ணாடித் தட்டைத் தொட்டித் தண்ணீரில் முக்கினால் விரிசல் விழும். ஆறவிட்டுக் கழுவுங்கள்.

ஓரம் கொதிக்கிறது, நடுவில் ஜில்லென்று இருக்கிறது

பழுது இல்லை. வீட்டு ஓவனின் அலை 2.45 கிகாஹெர்ட்ஸ், ஓர் அலையின் நீளம் சுமார் 12 செ.மீ. உள்ளே அது சுவர்களில் மோதித் திரும்பும்போது சில இடங்களில் சூடு அதிகமாகவும் சில இடங்களில் குறைவாகவும் விழும். அதைச் சமன் செய்யத்தான் தட்டு சுற்றுகிறது. உணவுக்குள்ளும் அது சில செ.மீ. ஆழம்தான் இறங்கும். அதனால் பிரியாணியைக் கும்பலாக வைக்காமல் தட்டில் பரப்பி, நடுவில் குழி விட்டு வையுங்கள். பாதி நேரத்தில் எடுத்துக் கிளறுங்கள். இட்லிக்குத் தண்ணீர் தெளித்து ஈரத்துணி போட்டு 30 வினாடி. பரோட்டாவுக்கு 15 வினாடிக்கு மேல் கொடுத்தால் ரப்பராகிவிடும், அதற்குத் தோசைக்கல்தான் சரி என்பது என் கட்சி. அவித்த முட்டையை முழுதாக வைக்காதீர்கள், வெடிக்கும்.

கறிவேப்பிலை உலர்த்துவது, அப்பளம் சுடுவது போன்ற ஈரமில்லாத வேலைகளில் ஓரமாக அரை டம்ளர் தண்ணீரும் வையுங்கள். அலையை உறிஞ்ச ஒன்றும் இல்லாமல் ஓவன் காலியாக ஓடினால் மேக்னட்ரானின் ஆயுசு குறையும்.

தொட்டால் ஷாக் அடிக்கிறது, அல்லது எம்சிபி விழுகிறது

விரலில் சுரீரென்று லேசாக இழுத்தால் பெரும்பாலும் எர்த் இல்லை. மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் மூன்று ஓட்டை உள்ள பாயிண்ட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எர்த் இருக்கிற வீட்டிலும் கோடையில் எர்த் குழி காய்ந்து வேலை செய்யாமல் போகும். குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பாருங்கள். ஷாக் நின்றுவிட்டால் கோடை முழுக்க அந்த வேலையை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். நிற்காவிட்டால் எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை ஓவனைப் பிளக்கிலிருந்து கழற்றி வையுங்கள். பிளக்கின் மூன்றாவது காலை வெட்டுவது மட்டும் வேண்டாம்.

ஓவன் ஓடும்போது மிக்ஸியோ அயர்ன் பாக்ஸோ போட்டதும் எம்சிபி (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்சு) விழுந்தால் அந்த லைனுக்கு அது அதிக லோடு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கால ஈரத்துக்குப் பிறகு கிரில்லையோ கன்வெக்ஷனையோ போட்டால் மட்டும் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் விழும் சுவிட்சு) விழுகிறது, சாதா மைக்ரோவேவில் விழவில்லை என்றால் ஹீட்டர் ஈரம் வாங்கியிருக்கும். மெக்கானிக்கிடம் இதை இப்படியே சொல்லுங்கள், அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஒரு பட்டனை அழுத்தினால் இன்னொன்று வேலை செய்கிறது

கரப்பான். பேனலுக்குப் பின்னால் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும், இருட்டாகவும் இருக்கும். குடித்தனம் நடத்த வேறென்ன வேண்டும்? எச்சமும் முட்டையும் போர்டில் படிந்து ஷார்ட் ஆகும். சில சமயம் பல்லி. ராத்திரி சமையலறையை மூடும்போது ஓவன் சுவிட்சை அணைத்துவிடுங்கள். உள்ளே சூடு இல்லாவிட்டால் தங்க வருவது குறையும். கரப்பான் ஜெல்லை ஸ்டாண்டின் கால்களிலும் சுவர் ஓரத்திலும் வையுங்கள். ஸ்பிரேயைத் துளைகளுக்குள் அடிக்காதீர்கள், அது தீப்பிடிக்கக்கூடியது. துளைகளை வலை போட்டு அடைப்பதும் வேண்டாம், சூடு உள்ளேயே தங்கும்.

பட்டன் தடுமாற்றம் கரண்ட் வந்து வந்து போன பிறகுதான் தொடங்கியது என்றால் பிளக்கை 5 நிமிடம் கழற்றிவைத்து மறுபடி மாட்டிப் பாருங்கள்.

புகை, வாடை, கதவு

உள்ளே தீ தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டுக் காத்திருங்கள், காற்று இல்லாமல் தானாக அணையும். கருவாட்டு வாடை, மசாலா வாடை போக ஒரு கிண்ணம் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, தோலையும் போட்டு 3 நிமிடம் ஓட்டுங்கள். ஐந்து நிமிடம் திறக்காமல் விட்டுவிட்டுத் துடைத்தால் ஊறிய அழுக்கும் சேர்ந்து வந்துவிடும்.

கதவுக் கண்ணாடியில் ஆவி படிவதும், வேலை முடிந்த பிறகு ஃபேன் கொஞ்ச நேரம் ஓடுவதும் கோளாறு இல்லை. கதவு தொங்குவது, கீல் ஆடுவது, கண்ணாடிக்குள்ளே இருக்கும் வலை கிழிந்திருப்பது, கதவைத் திறந்தும் உறுமல் நிற்காதது: இந்த நான்கில் எது இருந்தாலும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சரி செய்யும்வரை தொடாதீர்கள். செல்போனை உள்ளே வைத்து ரிங் போகிறதா என்று பார்ப்பதை வைத்து அலை கசிகிறதா என்று முடிவு செய்ய முடியாது. அதற்கென்று மீட்டர் இருக்கிறது.

மெக்கானிக் வந்த பிறகு

மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வெளிக்கூட்டின் எல்லா ஸ்க்ரூவும் திரும்ப ஏறிவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பத்தைத் தெர்மாமீட்டரில் குறித்துக்கொண்டு, ஃபுல் பவரில் 1 நிமிடம் வைத்து, கலக்கி மறுபடி அளவெடுங்கள். ஏறிய டிகிரியை 70-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட எத்தனை வாட் சூடு கிடைக்கிறது என்று தெரியும். 10 டிகிரி ஏறினால் 700 வாட். புத்தகத்தில் 800 என்று போட்டிருந்து உங்களுக்கு 700 வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. வோல்டேஜ் 230-க்குப் பக்கத்தில் இருந்தும் 400-தான் வருகிறது என்றால் மேக்னட்ரான் களைத்துவிட்டது. பழைய சோலோ ஓவனாக இருந்தால் அதை மாற்றும் செலவையும் புது ஓவனின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.